உரம் போடாத கீரை

சனிக்கிழமைகளில் பதினொன்றரை மணிக்கு மேல்தான் நான் அந்த வேன் பக்கம் போவேன். அதற்கு முன்னால் போனால் விலையைக் கேட்டே மயக்கம் வந்துவிடும். செடெனாக் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீனத் தம்பதி, வாரத்தில் ஒரு நாள், ஜோகூர் பாருவில் வசதியானவர்கள் வாழும் ஒரு தாமான் குடியிருப்பில் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து ஆர்கானிக் காய்கறி விற்பார்கள். எட்டு மணிக்கே பெரிய பெரிய கார்கள் வந்து நிற்கும். அந்தப் பெண்கள் விலை கேட்பதில்லை. கூடையை நீட்டுவார்கள், கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டுவார்கள், போய்விடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு வேன் கிளம்பும். கடைசி அரை மணி நேரத்தில் மிச்சம் இருப்பதைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனேன்.

மிச்சம் இருந்தால் எனக்கு ஒரு வாரம் ஓடும். இல்லையென்றால் வெறுங்கை. கடைசி சிக்னலில் நிற்கும்போதே மணியைப் பார்ப்பேன். முன்னால் எவளாவது மோட்டாரில் கூடை மாட்டிக்கொண்டு போனால், அவளும் அந்த வேனுக்குத்தான் போகிறாளோ என்று முறைத்துக்கொண்டே பின்னால் போவேன். கீரைக்காக இப்படி யாராவது அலைவார்களா என்றால், நான் அலைந்தேன். எனக்குக் காரணம் இருந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. இனிப்புநீர் நோயைப் பல வருடம் கவனிக்காமல் விட்டதன் பலன். மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது, சாப்பாட்டில் கவனமாக இருந்தால் பல வருடம் ஓட்டலாம், இல்லாவிட்டால் டயாலிசிஸ்தான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தினமும் மோட்டாரில் பாலம் கடந்து போய் வருகிற வேலை. வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்துக் கிடக்கும் ஆளை அங்கே யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் வேலை போவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பத்து பாகாட் ஊரில் இருந்த அவர் அண்ணன் அந்த மெஷினில் இரண்டு வருடம் கிடந்துதான் போனார். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் இவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, "என்னை மட்டும் அதுல படுக்க வச்சிராத" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. ஆனால் நான் சமைத்த ஒவ்வொரு வேளையும் அந்த வார்த்தைக்குப் பதிலாகத்தான் சமைத்தேன்.

கிளினிக்கில் உணவு ஆலோசனைக்கு வரச் சொன்னார்கள். இவர் போகவில்லை. "ஆக்கறது நீ. நான் போயி என்னத்தக் கேட்டுக்கப் போறேன்?" என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான்தான் போய் உட்கார்ந்தேன். அந்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண், எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயசுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னாள். உப்பு வேண்டாம், நெத்திலி வேண்டாம், ஊறுகாய் வேண்டாம். பிறகு காலியம் என்றாள். பொட்டாசியத்துக்கு மலாயில் அதுதான் பெயர். அது இவர் உடம்பில் ஏறக்கூடாது, அதனால் காய்கறியைப் பொடியாக நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம்தான் சமைக்க வேண்டும் என்றாள். "பாஹாம், காக்?" என்று கேட்டாள். புரிந்ததா அக்கா என்று. நான் புரிந்தது என்று தலையாட்டினேன்.

எனக்கு உண்மையாகவே புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காலியம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். என் அம்மா தோட்டத்தில் உரம் போடுகிற கும்பலில் வேலை செய்தவர். செம்பனை மரத்துக்கு உரம் போட்ட காலி மூட்டைகளைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவருவார். கால் துடைக்க ஒன்று, குளியலறைக் கதவுக்கு ஒன்று. அந்த மூட்டையில் காலியம் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்த உப்பை அள்ளி அள்ளி அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தூங்குவார். உரம் போட்ட வரிசையில் முளைத்த கீரையைப் பறித்துவந்தால் எங்களுக்கு அடிதான் விழும்.

அதனால் என் மண்டையில் கணக்கு மளமளவென்று ஓடியது. காலியம் என்பது மூட்டையில் வருகிற உரம். உரம் போட்டு வளர்ப்பதால் அது கீரைக்குள் ஏறுகிறது. வேகவைத்தால் தண்ணீரில் இறங்குகிறது. அப்படியென்றால் உரமே போடாத கீரையில் காலியம் எங்கேயிருந்து வரும்? இதில் இன்னொருவரிடம் கேட்க என்ன இருக்கிறது? நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததைக்கூட நான் சுலபத்தில் கேட்கமாட்டேன், தெரிந்ததையா கேட்பேன்.

அந்த வாரமே ஆர்கானிக் விற்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். வேன்காரப் பெண்ணிடம் ஒன்றுக்கு மூன்று முறை உரத்தைப் பற்றி விசாரித்தேன். கோழி எருவும் மக்கிய இலையும்தான், மூட்டை உரம் ஒரு பிடிகூடக் கிடையாது என்று மலாயில் சொன்னாள். "கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம், தங்காச்சி" என்றாள். அது பொய் இல்லை. கைக்குழந்தைக்குக் கொடுக்கலாம்தான்.

மார்க்கெட்டில் மூன்று வெள்ளிக்கு, அதாவது மூன்று ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் கீரை அங்கே எட்டு வெள்ளி. பாதி விலையிலும் நான்கு. நான் பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். என் சம்பளத்தில் எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்க முடியாது. அரிசி முடியாது, பருப்பு முடியாது, எண்ணெயைப் பற்றி நினைக்கவே முடியாது. வெங்காயம், பூண்டு பழைய கடையிலேயே. கீரை மட்டும் வேனில், அதுவும் அவருக்கு மட்டும். நான் மார்க்கெட் காங்கோங் கீரையைத் தின்றேன். ஓட்டை விழுந்த இலை, வளைந்த வெள்ளரி, காம்பு ஒடிந்த கட்டு என்று மற்றவர்கள் ஒதுக்கியதெல்லாம் என் பைக்குள் வந்தது. கேண்டீனில் காலைத் தேநீரை நிறுத்தினேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஓவர்டைம் எடுத்தேன், மாதா கோயில் பூசையை விட்டுவிட்டு. கோயிலில் ஏன் காணோம் என்று கேட்டவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவர் முதல் நாளே முணுமுணுத்தார். "ஒரு கட்டுக் கீரை எட்டு வெள்ளியா? மாடுகூட இந்த வெலைக்குத் திங்காது."

"மாட்டுக்குக் கிட்னி நல்லாத்தான் இருக்கு. அதுக்கு எதுக்கு?" என்றேன்.

அந்த விலை கொடுத்து வாங்கிய கீரையை வேகவைத்த தண்ணீரை எப்படிக் கொட்டுவது? பச்சைப் பசேலென்று இருக்கும். சத்தெல்லாம் அதில்தானே இறங்கியிருக்கும். மார்க்கெட் காய் வாங்கும் நாளில் அந்தப் பெண் சொன்னபடி தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டினேன். வேன் கீரை என்றால் அதிலேயே பூண்டு தட்டிப் போட்டு, மிளகு பொடித்துப் போட்டு, உப்பு மட்டும் போடாமல் சூப்பாகச் சுண்டவைத்தேன். உப்பு விஷயத்தில் நான் அவ்வளவு கண்டிப்பு. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு பெரிய கோப்பை நிறையக் கொடுப்பேன். புல்லுத் தண்ணி என்று அதற்குப் பெயர் வைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுவார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

மூன்றாவது மாதம் கால் கனக்கிறது என்றார். வயசாகிறது, உட்கார்ந்து ஓட்டுகிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு ஒரு நாள் வாசலில் மோட்டாருக்கு நடு ஸ்டாண்ட் போட முடியாமல் நின்றார். இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று தெருவைப் பார்த்தார். ஜன்னலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் கம்மியாக இருக்கும், தெம்பு இல்லை என்று முடிவு கட்டினேன். அடுத்த நாளிலிருந்து முருங்கைக்கீரையையும் சேர்த்து, இரண்டு கோப்பையாக்கினேன். கால் இன்னும் கனத்தது. நான் இன்னும் ஊற்றினேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாசாய் கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சூப்பைக் குடித்துவிட்டு, மத்தியான ஷிப்டுக்குப் பாலம் கடந்து போய்விட்டார். எனக்கு அன்று விடுப்பு. ஒன்றரை மணிக்கு என் கைப்பேசி அடித்தது. கிளினிக்கில் வேலை செய்யும் நர்ஸ், ஒரு தமிழ் மிஸ்ஸி.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு எங்க? ரிசல்ட் வந்திருக்கு. உடனே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. காலியம் ரொம்ப ஏறியிருக்கு."

"இருக்காது மிஸ்ஸி. வேற யாரோட ரத்தமோ மாறியிருக்கும். நாங்க கீரைகூட ஆர்கானிக்தான் வாங்குறோம்" என்றேன். அந்த நிலையிலும் நான் சண்டைக்கு நின்றேன்.

"மாறலக்கா. ரெண்டு தடவ பாத்துட்டாங்க. பேசிட்டு நிக்காதீங்க, கூட்டிட்டுப் போங்க."

அவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கிடங்கில் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்கு, தேநீர் இடைவேளையில் அவரே கூப்பிட்டார்.

"என்னலா, இத்தன மிஸ்ட் கால்?" என்றார். மிஸ்ஸி சொன்னதைச் சொல்லி உடனே கிளம்பச் சொன்னேன். "இப்பதானே வந்தேன். பாதியில போனா சூப்பர்வைசர் கத்துவான்."

"வர்றீங்களா, இல்ல நான் வந்து உங்க சூப்பர்வைசர் முன்னாடியே இழுத்துட்டு வரட்டுமா?" என்றேன். என் குரல் மாறியதை அவர் கேட்டிருக்க வேண்டும். நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் மிஸ்ஸி மறுபடி கூப்பிட்டாள். கிளம்பிவிட்டார், மோட்டாரில் வருகிறார் என்றேன். "அக்கா, அவரை மோட்டார் ஓட்ட விடாதீங்க. இந்த அளவுல நெஞ்சு எப்ப வேணும்னாலும் நின்னுடும்" என்றாள்.

உடனே அவருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் கேட்டிருக்காது. நான்தான் கத்தி வரவழைத்தேன். அங்கேயே இருங்கள், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் செய்த ஒரே வேலை, அடுப்பில் மிச்சம் இருந்த சூப்பைச் சூடாக்கி ஃபிளாஸ்கில் ஊற்றியதுதான். வெறும் வயிற்றோடு வருவார், தெம்பாக இருக்கும் என்று. ஒரு வாடகைக் காரைப் பிடித்துக் கிளம்பினேன்.

எமர்ஜென்சி வாசலில் நின்றேன். அந்த நேரத்தில் பாலத்தில் மோட்டார்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகரும். நடுவில் ஒருவர் சாய்ந்தால் பின்னால் வருகிறவனுக்கு நிறுத்த இடம் கிடையாது. நான்கரை ஆனது. ஐந்து ஆனது. உள்ளே நுழைந்த ஒவ்வொரு மோட்டாரையும் பார்த்தேன். அங்கே நின்றே மாதாவிடம் சண்டை போட்டேன். ஓவர்டைமுக்காகப் பூசைக்கு வராதது என் தப்பு, என்னை எடுத்துக்கொள், அவரை விடு என்றேன். ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது அதன் கதவு திறக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. உள்ளே யாரோ ஒரு கிழவி. அந்தக் கிழவியைப் பார்த்து நன்றி சொல்லியிருக்கிறேன், கடவுள் மன்னிக்கட்டும்.

ஐந்தே காலுக்கு வந்தார். மோட்டாரை நிறுத்தத் தெம்பில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு காலையும் இழுத்து இழுத்து நடந்துவந்தார். "காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல" என்றார். உயிர் போய் உயிர் வந்தது எனக்கு.

உள்ளே உடனே படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இதயத் துடிப்பைப் படம் எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்கள். திரைக்குள் நாங்கள் இருவர் மட்டும். தொண்டை காய்கிறது என்றார். நான் ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார், வழக்கம்போல. வாய்க்கருகில் கொண்டுபோனார். திரை விலகியது.

சின்ன வயசு டாக்டர், நம் தமிழ்ப் பிள்ளை. கையில் அந்தப் படம். "அங்கிள், என்ன குடிக்கிறீங்க?" என்றாள்.

நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "கீரைத் தண்ணி டாக்டர். சுத்த ஆர்கானிக். ஒரு பிடி உரம் போடாதது." அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் இரண்டே எட்டில் வந்து, அவர் கையிலிருந்து மூடியைப் பிடுங்கித் தூர மேசையில் வைத்தாள். கொஞ்சம் அவள் வெள்ளைக் கோட்டில் சிந்தியது. அதை அவள் பார்க்கவில்லை. "எத்தன நாளா குடிக்கிறீங்க?" என்றாள்.

"இன்னிக்குத்தான்" என்றார் இவர், சட்டென்று. "சும்மா, தொண்ட காயுதுன்னு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, போர்வையைப் பார்த்தார். ஏன் பொய் சொல்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. "இல்ல டாக்டர். மூணு மாசமா தெனமும். இப்ப ரெண்டு கோப்ப. நாந்தான் குடுக்குறேன்" என்றேன்.

டாக்டர் ஒரு மருந்துப் பெயரைச் சொல்லி நர்ஸை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, காலியம் உரத்துல மட்டும் இல்ல. கீரைக்குள்ளேயே இருக்கு. உரம் போட்டாலும் இருக்கும், போடலன்னாலும் இருக்கும். வேக வச்சா தண்ணில எறங்கிடும். கொட்டச் சொன்னது அதுக்காகத்தான்."

மூன்று மாதமாகக் கீரையில் இருந்ததை எல்லாம் வடித்து, சுண்டவைத்து, அவர் கையில் கொடுத்திருக்கிறேன். தேநீரை நிறுத்தி, பூசையை விட்டு, வெயிலில் வேனுக்கு ஓடி வாங்கியதை. அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. நரம்பில் ஊசி போட்டாள், சொட்டு மருந்து ஏற்றினாள், என்னை ஓரமாக நிற்கச் சொன்னாள். துடிப்பைக் காட்டும் மானிட்டரில் ஓடிய பச்சைக் கோட்டை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று பயம்.

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இறங்கியிருந்தது. நெஞ்சுக்கு இனி பயமில்லை, கிட்னி எப்படி என்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும் என்றாள் டாக்டர். அவள் போனதும் நான் கேட்டேன். "ஏன் பொய் சொன்னீங்க?"

"அந்தப் பிள்ள என் கையிலேர்ந்து புடுங்குன வெசையிலேயே புரிஞ்சிருச்சு" என்றார். "அந்தத் தண்ணியாலதான்னு உனக்குத் தெரிஞ்சா நீ அடுப்புப் பக்கமே போகமாட்ட. எனக்கு ஆக்கிப்போட வேற யாரு இருக்கா?"

நான் அழுதேன். வெளியே ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் ஊசி ஏறாத கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். மூன்றில் ஒரு பங்காக இருந்தது நான்கில் ஒரு பங்காகியிருந்தது. எப்படியும் இறங்கியிருக்கும், இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றாள் அதே டாக்டர். என் மனசு நோகக்கூடாது என்று சொன்னாளா, உண்மையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை கேட்கவும் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து அவர் கைகால் கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். பசிக்குது என்றார். நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து நின்றேன். கோஸ் இருந்தது, முட்டை இருந்தது, பூசணித் துண்டு இருந்தது. கிளினிக்கில் புதிதாகக் கொடுத்த தாளைக் கதவில் ஒட்டியிருந்தேன். அதை மேலிருந்து கீழே படித்தேன். மறுபடி படித்தேன். எது என்ன செய்யும் என்று ஒன்றின் மேலும் நம்பிக்கை வரவில்லை. என் புத்தியின் மேல் சுத்தமாக இல்லை. கோஸை எடுத்தேன், வைத்தேன். குளிர்ப்பெட்டி திறந்தே கிடக்கிறது என்று மணி அடிக்க ஆரம்பித்தது.

"என்னா யோசன?" என்றார் பின்னாலிருந்து.

"என்ன குடுக்கறதுன்னு தெரியல" என்றேன். திரும்பாமல்தான் சொன்னேன்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "நீ எதக் குடுத்தாலும் நான் சாப்பிடுவேன்" என்றார்.

எனக்கு இருந்த பயமே அதுதான்.